பேட்ச் எண் இல்லாத மாத்திரை

நியூஜெர்சியில் எடிசன், பிஸ்காட்டவே பக்கம் மருந்துத் தொழிற்சாலைகள் அதிகம். காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கார் நிறுத்துமிடத்தில் நின்றால் குஜராத்தியும் தெலுங்கும் தமிழும் கலந்து காதில் விழும். அப்படி ஓர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில்தான் என் பிழைப்பு. மன்னார்குடியில் பி.எஸ்சி. வேதியியல், பிறகு பாண்டிச்சேரியில் சின்ன மாத்திரைக் கம்பெனி, அதன் பிறகு இங்கே. இருபது வருடத்துக்கு மேலாக நான் கேட்டுக்கொண்டிருப்பது ஒரே கேள்விதான்: அட்டையில் போட்டிருக்கும் அளவு மருந்து இந்த மாத்திரைக்குள் இருக்கிறதா?

கேள்வி எளியது. பதில் சொல்லத்தான் ஒரு ஆலையே வேண்டியிருக்கிறது. லட்சக்கணக்கான மாத்திரைகள் உள்ள ஒரு பேட்ச்சிலிருந்து 10 எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கரைத்துக் கருவியில் ஓட்டுவோம். முடிவுகள் சிதறி, அமெரிக்க மருந்துத் தரநூல் சொல்லும் கணக்கு 15-ஐத் தாண்டினால் இன்னும் 20 எடுப்போம். அதிலும் தேறாவிட்டால் அந்த பேட்ச் வெளியே போகாது. மருந்தின் அளவு குறையக் குறைய வேலை கடினமாகும். ஓரிரு மில்லிகிராம் மருந்தை ஒரு மாத்திரைக்கான மாவில் சீராகப் பரப்புவது சாதாரணம் இல்லை. முதலில் மருந்தும் அதே அளவு மாவும், அந்தக் கலவைக்குச் சமமாக மறுபடி மாவு என்று படிப்படியாகக் கூட்ட வேண்டும். கல் உப்பைக் கரைக்காமல் இட்லி மாவில் போட்டுக் கிண்டினால் ஒரு இட்லி கரிக்கும், பக்கத்து இட்லி சப்பென்று இருக்கும். இட்லியில் அது பரவாயில்லை.

என் மகன் 2022 ஜனவரியில் இறந்தான். வயது 19. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. குளிர்கால விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். அவன் விழுங்கியது ஒரு நீல மாத்திரை. ஒரு பக்கம் கட்டத்துக்குள் எம் என்ற எழுத்து, மறுபக்கம் 30 என்ற எண். ஆக்ஸிகோடோன் 30 மில்லிகிராம் மாத்திரையின் அடையாளம் அது.

வீட்டில் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக் காலத்திலிருந்து பாட்மிண்டன் ஆடுவான். இறப்பதற்கு முந்தைய கோடையில் வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவர் வலிக்கு ஆக்ஸிகோடோன் எழுதினார், குறைந்த அளவில். நியூஜெர்சியில் 2017 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: புதிதாக வந்த வலிக்கு இந்த வகை மருந்தை முதல் சீட்டில் ஐந்து நாளுக்கு மேல் எழுதக் கூடாது. நாங்கள் அந்தக் கணக்குப்படியே கொடுத்தோம். மிஞ்சிய மாத்திரைகளைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கும் மருந்துப் பெட்டியில் நானே போட்டுவிட்டு வந்தேன். இதில் யார்மீதும் குறை இல்லை. மருந்து வேலை செய்தது, வலி போனது, பையன் தூங்கினான். மாத்திரை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவன் அப்போது தெரிந்துகொண்டான். ஏற்கெனவே மாத்திரையை நம்பும் வீட்டில் வளர்ந்தவன். அவன் அப்பாவின் சம்பளமே அந்த நம்பிக்கையிலிருந்து வந்தது.

டிசம்பர் குளிரில் தோள் வலி திரும்பி வந்தது. பரீட்சை முடிந்த அலுப்பு, தூக்கம் இல்லை. மருத்துவரைப் பார்க்க நாள் குறித்திருந்தோம். அதற்கிடையில் அவன் தன் போனில் யாரிடமோ கேட்டிருக்கிறான். பிற்பாடு துப்பறியும் அதிகாரி எங்களிடம் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். படித்ததும் அழிந்துபோகும் செய்திகள். விலைப்பட்டியல் மாதிரி ஒரு படம். “நிஜமா?” என்று தம்பி கேட்டிருக்கிறான். “ஃபார்மசி சரக்கு” என்று பதில் வந்திருக்கிறது. இரண்டு மாத்திரை வாங்கியிருக்கிறான்.

ஜனவரியில் அந்தக் காலை, நான் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து குளித்துக்கொண்டிருந்தேன். மனைவி அவனை எழுப்பப் போனாள். அவள் கத்தின சத்தத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. தரையில் இறக்கிப் போட்டு நெஞ்சை அழுத்தினேன். ஆலையில் வருடாவருடம் கொடுக்கும் முதலுதவிப் பயிற்சி கைக்குத் தானாக வந்தது. ஆம்புலன்ஸுக்கு முன்னால் போலீஸ் வந்துவிட்டார்கள். வந்த இளைஞர் அவன் உதட்டைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பிரேயை எடுத்து மூக்கில் அடித்தார். நலோக்ஸோன், ஆக்ஸிகோடோன் வகை மருந்துகளின் மிகையளவை முறிப்பது. அவர் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார் என்பது எனக்கு அன்று மாலைதான் உறைத்தது. இந்த ஊர் போலீஸ்காரருக்கு அது வாடிக்கையாகிவிட்ட காட்சி. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கண்டதில்லை.

மேசை டிராயரில் இரண்டாவது மாத்திரை இருந்தது. சின்ன ஜிப் கவரில். அதிகாரி கையுறையோடு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நானும் பார்த்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியாமல் என் கண் தன் வேலையைச் செய்தது: நிறம் சீரா, விளிம்பு உடைந்திருக்கிறதா, எழுத்தின் பள்ளம் ஒரே ஆழமா, மேல்பரப்பில் புள்ளி இருக்கிறதா. எங்கள் ஆலையில் அதைக் காட்டியிருந்தால் தோற்றப் பரிசோதனையில் தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு உடலைக் கொடுத்தார்கள். இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் ‘விசாரணையில்’ என்று இருந்தது. சுடுகாடு என்று இங்கே எதுவும் இல்லை. சவ அடக்க நிலையத்தில் ஓர் அறை, ஓர் இரும்புக் கதவு, ஒரு பொத்தான். ஐயர் என் கையைப் பிடித்துப் பொத்தானில் வைத்தார். எங்கள் வீட்டில் யாருக்கு யார் செய்ய வேண்டியது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நச்சியல் அறிக்கை வர மாதங்கள் ஆயின. என் தொழிலில் அறிக்கை படிப்பது தினசரி வேலை. கையெழுத்து எங்கே, எந்தக் கருவி, எவ்வளவு குறைந்த அளவு வரை அது காட்டும் என்று அடிக்குறிப்பிலிருந்து படிக்கும் பழக்கம். அப்படித்தான் இதையும் கீழிருந்து மேலே படித்தேன். ஃபெண்டானில் இருந்தது. அதைத் தயாரிக்கும்போது உருவாகும் இடைப்பொருளும் இருந்தது. அதற்கு மேல் ஒரு வரி: ஆக்ஸிகோடோன், கண்டறியப்படவில்லை.

அந்த வரியில் நின்றுவிட்டேன். அவன் எதை விழுங்குவதாக நினைத்தானோ அது அந்த மாத்திரைக்குள் துளிகூட இல்லை. நிறம் இருந்தது, எழுத்து இருந்தது, எண் இருந்தது. எங்கள் தொழிலின் வெளித்தோற்றம் முழுக்க இருந்தது.

ஃபெண்டானில் எனக்குப் புதிய பெயர் அல்ல. பெல்ஜியத்தில் பால் ஜான்சன் 1960-ஐ ஒட்டி உருவாக்கிய மருந்து. அறுவை அரங்குகளிலும் புற்றுநோய் வலிக்கும் இன்றும் பயன்படுகிறது. மார்ஃபினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வீரியம். பழக்கமில்லாத உடம்பில் 2 மில்லிகிராம் உயிரைப் போக்கலாம். பென்சில் முனையில் ஒட்டும் அளவுதான். முறையான ஆலையில் இதைக் கையாள்பவர்கள் அளவை மைக்ரோகிராமில் பேசுவார்கள். மெக்சிகோவில் சினலோவா, ஹலிஸ்கோ கும்பல்களின் ஆட்கள் கையில் கிடைத்த பாத்திரத்தில் கலக்கி, அச்சு இயந்திரத்தில் அடித்து அனுப்புகிறார்கள். அமெரிக்க போதைப்பொருள் அமலாக்கத் துறையான டி.இ.ஏ. தன் ஆய்வகத்தில் சோதித்த போலி மாத்திரைகளில் 0.02 மில்லிகிராமிலிருந்து 5.1 மில்லிகிராம் வரை ஃபெண்டானில் இருந்ததாகச் சொல்கிறது. ஏறத்தாழ 250 மடங்கு வித்தியாசம். என் வாழ்நாளில் சில சதவீதம் விலகியதற்கே பேட்ச்சை நிறுத்தி, இரவெல்லாம் உட்கார்ந்து காரணம் எழுதியிருக்கிறோம்.

அதே துறை 2021-ல் சொன்ன கணக்கு: பிடிபட்ட போலி மாத்திரைகளில் 10-க்கு 4 உயிரைப் பறிக்கும் அளவு கொண்டவை. 2022-ல் 10-க்கு 6. 2023-ல் 10-க்கு 7. 2024-ல் 10-க்கு 5 என்று இறங்கியது. 10 எடுத்துச் சோதிப்பது என் வேலை என்பதால் இந்தக் கணக்கை என்னால் செய்தியாகப் படிக்க முடிவதில்லை. தம்பியின் டிராயரில் இருந்த இரண்டாவது மாத்திரையில் எவ்வளவு இருந்தது என்று போலீஸ் ஆய்வகம் எங்களிடம் சொல்லவில்லை. அதில் ஒன்றுமே இல்லாமல்கூட இருந்திருக்கலாம். அவன் கை அதை முதலில் எடுத்திருந்தால் காலையில் எழுந்து, “அப்பா, வலி போகலப்பா” என்று சொல்லியிருப்பான்.

ஊருக்கு என்ன சொல்வது என்ற பேச்சு முதல் நாளே தொடங்கிவிட்டது. என் அம்மாவுக்கு வயதாகிவிட்டது. மாரடைப்பு என்று என் தம்பிமார்கள் சொல்லி வைத்திருந்தார்கள். இங்கே தெரிந்தவர்கள் நடுவிலும் அதே சொல்தான் ஓடியது. 16-ஆம் நாள் காரியத்துக்கு வீடு நிறைய ஆட்கள். சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவி எழுந்து நின்றாள். பிள்ளை எப்படிப் போனான் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். போலீஸ் சொன்னது, டிராயரில் கிடைத்த மாத்திரை, எல்லாம்.

அவளுடைய தாய்மாமா பிலடெல்பியாவிலிருந்து வந்திருந்தார். அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏம்மா, இதை எதுக்கு நாலு பேருக்கு நடுவுல சொல்ற? வீட்டுல பொண்ணு இருக்கு. நாளைக்கு அவளுக்கு ஒரு இடம் பார்க்க வேணாமா?”

“சொல்லலேன்னா இன்னொரு வீட்டுல நடக்கும் மாமா. அங்க துக்கத்துக்குப் போய் நான் என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு உட்காருவேன்?”

மாமா பதில் பேசவில்லை. நல்ல மனிதர். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவ சொல்றது சரிதான் மாப்பிள்ளை. நமக்குத்தான் பழக்கம் இல்ல” என்றார்.

சில வாரம் கழித்து ஒரு ராத்திரி என் மனைவிக்கு போன் வந்தது. காரியத்துக்கு வந்திருந்த ஒரு பெண். குரலைத் தாழ்த்தித் தன் மகனைப் பற்றிக் கேட்டாள். அவன் அலமாரியில் மாத்திரை கிடைத்திருக்கிறது, தூக்கத்துக்கு என்கிறான். மனைவி விடியும்வரை பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் இன்று இருக்கிறான். வேலைக்குப் போகிறான். அவனை எங்கேயாவது பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வருகிறது. கோபம் அவன்மீது இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வருகிறது. துக்கம் மனிதனை உயர்த்தும் என்று எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

விற்றவன் பிடிபட்டான். 22 வயது. பக்கத்து ஊர். நியூஜெர்சியில் 1987-லிருந்தே ஒரு சட்டம் உண்டு: கொடுத்த போதைப்பொருளால் ஆள் இறந்தால், கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும் அது முதல் தரக் குற்றம், 10 முதல் 20 ஆண்டு வரை சிறை. வழக்கறிஞர்கள் பேசி, அவன் அதைவிடக் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை நாளில் பெற்றோர் பேசலாம் என்று எங்களைக் கூப்பிட்டார்கள்.

அவனை வெறுக்க வேண்டும் என்று தயாராகத்தான் போனேன். அவன் சட்டை தோளில் தொங்கியது. அவனும் அதே நீல மாத்திரைக்கு அடிமை. தன் செலவுக்காக விற்றவன். அவன் அம்மா பின்வரிசையில் ஒரு கிளீனிங் கம்பெனிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். நான் எழுதிக்கொண்டு போனதில் பாதியைப் படிக்கவில்லை. மாத்திரையில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியுமா என்று மட்டும் நீதிபதி அனுமதியோடு கேட்டேன். தெரியாது என்றான். அது உண்மை என்று நான் நம்புகிறேன். அவனுக்கு விற்றவனுக்கும் தெரியாது. கலக்கியவனுக்கே தெரியாது. இந்தச் சங்கிலியில் எந்த இடத்திலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் கிடையாது.

என்னை இன்றுவரை உறுத்துவது அதுதான். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம். என் சொந்த மாநிலம், என் சொந்தத் தொழில். செய்தியைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தப் புட்டியில் ஒரு பேட்ச் எண் இருந்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆலைக்குப் போனார்கள், மாதிரி எடுத்தார்கள், உரிமையாளரைக் கைது செய்தார்கள், உரிமத்தை ரத்து செய்தார்கள். அந்தத் தாய்மார்களுக்கு அது எதையும் திருப்பித் தராது. ஆனால் அவர்கள் விரலை நீட்டிக் காட்ட ஒரு கதவு இருக்கிறது. நான் எங்கே நீட்டுவது? அதே ஆண்டு ஜனவரியில், ஃபெண்டானிலுக்கான மூலப்பொருளை அனுப்பியதாகக் குஜராத்தைச் சேர்ந்த இரண்டு ரசாயன நிறுவனங்கள்மீது புரூக்ளின் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டினார்கள்; அதில் ஒன்று வைட்டமின் சி என்று சீட்டு ஒட்டி அனுப்பியதாம். சீனாவிலிருந்து வரும் மூலப்பொருளோடு நம் ஊர்ப் பெயரும் சேர்ந்துகொண்டது. கான்டீனில் அன்று யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முறையான கம்பெனிகள் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. பர்டியூ ஃபார்மா 1996-ல் ஆக்ஸிகோடோன் மாத்திரையான ஆக்ஸிகான்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அடிமையாக்கும் ஆபத்தைக் குறைத்துச் சொல்லி விற்றது. 2007-ல் அதன் இணை நிறுவனமும் 2020-ல் அந்த நிறுவனமே நேரடியாகவும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டன. ஊர் ஊராக அந்த மாத்திரைக்குப் பழகியவர்கள் இருந்ததால்தான் அதன் போலிக்குச் சந்தை பிறந்தது. நாங்கள் உண்டாக்கிய நம்பிக்கையையும் நாங்கள் உண்டாக்கிய பசியையும் ஒரே அச்சில் அடித்து விற்கிறார்கள்.

இழந்த பெற்றோர் கூடும் இடங்கள் இங்கே நிறைய. தேவாலய அடித்தளங்கள், நூலக அறைகள். இத்தாலிய வம்சத்துக் கொத்தனார், கறுப்பினத் தாதி, டொமினிக்கன் லாரி ஓட்டுநர் என்று எல்லோரும் ஒரே வட்டத்தில். எங்களைப் போல ஒரு இந்தியக் குடும்பம் முதலில் வந்தபோது அவர்கள் வியப்புக் காட்டவில்லை. ஆர்லிங்டனில் டி.இ.ஏ. தலைமையகத்தில் ஃபெண்டானிலுக்குப் பலியானவர்களின் படங்களைச் சுவரெங்கும் மாட்டியிருந்தார்கள். அந்தச் சுவரைப் பார்க்கப் போனோம். பாதிப் படங்கள் பள்ளி இறுதி ஆண்டு அங்கியும் தொப்பியுமாக. என் மனைவி ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள வயதைப் படித்துக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் நின்று, “ஏங்க, இங்க பாருங்க, 14” என்றாள்.

2021-ல் இந்த நாட்டில் போதைப்பொருளால் இறந்தவர்கள் 1,06,000-க்கும் மேல். அதில் 70,000-க்கும் மேற்பட்டோர் ஃபெண்டானில் போன்ற செயற்கை மருந்துகளால். 2024-ல் மொத்தம் ஏறத்தாழ 80,000-ஆகக் குறைந்தது. குறைந்ததில் நலோக்ஸோனுக்குப் பங்கு உண்டு என்று நம்புகிறேன். 2023 முதல் அது சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஆனால் என்னை அசைத்த புள்ளிவிவரம் வேறு. 2019 ஜூலை முதல் 2021 டிசம்பர் வரை இப்படி இறந்த 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளைப் பற்றி நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. ஓர் அறிக்கை வெளியிட்டது. 2,231 பேர். நால்வரில் ஒருவரிடம் போலி மாத்திரைக்கான தடயம். பெரும்பாலோர் இறந்தது வீட்டில். மூன்றில் இரண்டு பங்கினர் இறக்கும்போது பக்கத்திலோ அடுத்த அறையிலோ யாராவது இருந்திருக்கிறார்கள். அந்த அடுத்த அறையில் இருப்பவர்களிடம் பேசத்தான் நான் இப்போது போகிறேன்.

பள்ளிக்கூடங்கள், கோயில் கூடங்கள், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாக்கள். எடுத்தவுடன் நிஜ மாத்திரை ஒன்றின் படத்தையும் போலி ஒன்றின் படத்தையும் திரையில் போட்டு எது எது என்று கேட்பேன். கை தூக்குவார்கள். எனக்கே தெரியாது, என் தொழிலே இதுதான் என்பேன். பிறகு அறிகுறிகளைச் சொல்வேன்: நகமும் உதடும் நீலம் பூத்தல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், எழுப்பினால் எழாமை, தொண்டையில் களகளவென்று குறட்டை மாதிரி ஓர் ஓசை. அது தூக்கம் இல்லை, மூச்சு நிற்பதற்கு முந்தைய நிலை. 911-ஐ அழையுங்கள், ஸ்பிரேயை மூக்கில் அடியுங்கள், மூன்று நிமிடத்துக்குள் எழாவிட்டால் இன்னொன்று. உதவிக்குக் கூப்பிட்டவர்மீது போதைப்பொருள் வைத்திருந்ததாக வழக்குப் போடக் கூடாது என்று இந்த மாநிலத்தில் 2013-லிருந்தே சட்டம் இருக்கிறது; அதனால் நண்பனை விட்டுவிட்டு ஓடாதீர்கள்.

போன வருடம் ஒரு கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான், அந்த ஸ்பிரேயை அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் வாங்க முடியுமா என்று. சிலர் சிரித்தார்கள். முடியும் என்றேன். 2023 ஜனவரியிலிருந்து நியூஜெர்சியில் 14 வயதானால் போதும். திட்டத்தில் சேர்ந்த மருந்துக்கடைகளில் இலவசமாகத் தருவார்கள், பெயர் கேட்க மாட்டார்கள்.

அவன் அப்பா எழுந்துவிட்டார். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வேணாம்னு சொல்லிக்கொடுக்க வந்தீங்களா, எங்களுக்குத் தெரியாம எப்படிச் செய்யறதுன்னு சொல்லிக்கொடுக்க வந்தீங்களா?”

நியாயமான கேள்விதான். தம்பி இருந்த வரைக்கும் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். அவரிடம் சொன்னேன்: “ரெண்டும்தான் சார். ஃபார்மசிஸ்ட் கையிலேர்ந்து வராத மாத்திரை மருந்து இல்ல, அதை வாயில போடாதேன்னு நானும் சொல்றேன், நீங்களும் சொல்லுங்க. தினம் சொல்லுங்க. பத்துல ஒன்பது பிள்ளைங்க கேட்டுக்கும். எங்க வேலையில அந்தப் பத்தாவதுக்குத்தான் சார் சம்பளமே.”

அவர் உட்கார்ந்தார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. கூட்டம் முடிந்ததும் ஸ்பிரே வைத்திருந்த பெட்டிப் பக்கம் வந்து, இது எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்டார். மேலே அச்சடித்திருக்கும் காலாவதித் தேதியையும், அதன் பக்கத்தில் உள்ள பேட்ச் எண்ணையும் காட்டினேன்.